கடலடிச் சேற்றில் எவ்வளவு ஆழம் பத்திரம்?

கடல் வற்றிய நேரத்தில் சேற்றுத் திட்டின் ஓரம் நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். ஊசி குத்தியது போலச் சில துளைகள், புழு கழித்துப் போட்ட சுருள் மண், எப்போதாவது பீச்சிவிட்டு அடங்கும் ஒரு கீற்று நீர். அவ்வளவுதான். அதே சேற்றை ஒரு சதுர மீட்டர் அளவுக்கு அள்ளிச் சலித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், வெறும் கண்ணுக்குச் சிக்காத சிற்றுயிர்களே 10 லட்சம் வரை தேறும். அவற்றோடு புழுக்கள், மட்டிகள், நத்தைகள், இறாலுக்கு ஒன்றுவிட்ட உறவான ஆம்பிபாடுகள். ஒன்றை ஒன்று தின்றும், தின்னப்படாமல் தப்பியும் இவை அங்கே காலம் தள்ளுகின்றன.

புலி மானைத் துரத்துவது நமக்குப் பழகிய காட்சி. அங்கே பார்க்கக் கண் உதவுகிறது, ஓட வெளி இருக்கிறது. சேற்றுக்குள் இரண்டும் இல்லை. ஒரு விரற்கடை தள்ளி இருக்கும் எதிரியைக்கூடப் பார்க்க முடியாது. ஓட வேண்டுமென்றால் முதலில் வழியைத் தோண்ட வேண்டும். அதனால் இங்கே ஆழம்தான் கவசம். எவ்வளவு கீழே போகிறாயோ அவ்வளவு பத்திரம். ஆனால் மூச்சும் சாப்பாடும் மேலே இருக்கின்றன. கடலடி மண்ணில் நடக்கும் வேட்டையில் பெரும்பகுதி இந்த இழுபறியிலிருந்து பிறப்பதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் சேற்றைப் பற்றிக் கொஞ்சம். மெல்லிய வண்டலில் ஆக்ஸிஜன் மேலே சில மில்லிமீட்டர் வரைதான் இறங்கும். அதற்குக் கீழே பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜன் இல்லாமலேயே மக்கைச் சிதைக்கின்றன. கையை விட்டுக் கிளறினால் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு மண் வருவது அதனால்தான். அந்தக் கறுப்புக்குள் யார் குடியிருந்தாலும் மேலே ஒரு வழி வைத்துக்கொண்டே ஆகவேண்டும். புழு வளை தோண்டி அதில் நீரை ஓடவிடுகிறது. மட்டி இரண்டு சதைக் குழல்களை மேலே நீட்டுகிறது; ஒன்று நீரை உள்ளே இழுக்க, இன்னொன்று வெளியே விட. வேட்டைக்கு வருபவருக்கு இந்த வழிதான் முதல் தடயம்.

சேற்றுக்குள் நகர்வதும் லேசுப்பட்ட வேலை இல்லை. 2005இல் கெல்லி டோர்கனும் அவருடைய குழுவினரும் நெரெய்ஸ் என்ற புழுவை, ஈரச் சேற்றைப் போலவே நடந்துகொள்ளும் தெளிவான ஜெலட்டினுக்குள் விட்டு, ஒளியின் உதவியால் அது எங்கே அழுத்துகிறது என்று படம் பிடித்தார்கள். புழு மண்ணை வாரித் தள்ளவில்லை. தொண்டையை வெளியே புரட்டி ஆப்பு அடிப்பது போல அழுத்துகிறது. முன்னால் ஒரு விரிசல் ஓடுகிறது. அதற்குள் உடம்பை நுழைக்கிறது. விறகு பிளப்பது போலத்தான். சவரக்கத்தி மட்டியின் வழி வேறு. ஓட்டைச் சட்டென்று மூடி, சுற்றியுள்ள மணலை நீரோடு சேர்த்துக் குழம்பாக்கி, அந்தக் குழம்புக்குள் வழுக்கிக்கொண்டு அரை மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும்.

இனி அந்தக் குழலுக்கு வருவோம். எல்லாக் கதையும் அங்கேதான் முடிச்சுப் போட்டிருக்கிறது.

வட ஐரோப்பாவின் சேற்றுத் திட்டுகளில் மாகோமா என்றொரு சின்ன மட்டி உண்டு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பல நிறம். சேற்றுக்குள் சில சென்டிமீட்டர் கீழே கிடந்துகொண்டு, நூல் போன்ற குழலை மேலே நீட்டி, மண்ணின் மேல் படிந்த பாசியையும் மக்கையும் உறிஞ்சித் தின்கிறது. குழல் நுனி அப்படி வளைந்து மேயும்போது அந்தப் பக்கம் வரும் தட்டை மீன் குஞ்சோ சின்ன நண்டோ இறாலோ அதைக் கடித்துக்கொண்டு போய்விடும். மட்டி சாகாது. பல்லிக்கு வால் வளர்வது போலக் குழல் மறுபடி வளரும். ஸ்காட்லாந்தின் லாக் ஈவ் விரிகுடாவில் 1960களில் ஆராய்ந்தவர்கள், பிளேஸ் என்ற தட்டை மீனின் குஞ்சுகள் டெல்லினா மட்டிகளின் குழல் நுனிகளைக் கடித்து வயிறு வளர்ப்பதைக் கண்டார்கள். மட்டி அப்படியே இருக்க, அதன் நுனி மட்டும் பயிர் போல அறுவடையாகிறது.

ஆனால் கணக்கு அதோடு தீர்வதில்லை. குழல் குட்டையாகிவிட்டால் பழைய ஆழத்தில் இருந்து மேற்பரப்புக்கு எட்டாது. அங்கேயே கிடந்தால் பட்டினி. சாப்பிட வேண்டுமென்றால் மேலே நகர வேண்டும். பெரும்பாலும் மட்டி மேலே நகர்கிறது. நெதர்லாந்துக் கடலோரச் சேற்றுத் திட்டுகளில் லியோ ஸ்வார்ட்ஸும் யான் வானிங்கும் ஆண்டுக்கணக்கில் மட்டிகளின் ஆழத்தை அளந்தபோது, ஒரே அளவுள்ள மட்டிகளில் குழல் கனமானது ஆழத்திலும் குழல் மெலிந்தது மேலேயும் இருந்தன. மேலே வந்த மட்டி பறவையின் அலகுக்கு எட்டிவிடுகிறது. மீன் ஒரு கடி கடித்ததற்கான விலையை மட்டி சில நாள் கழித்துப் பறவையிடம் கொடுக்கிறது. இரண்டு வேட்டைக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. நீர் ஏறியிருக்கும்போது ஒருவர், வற்றியபின் மற்றவர். ஆனால் ஒருவர் வேலையை மற்றவர் முடித்துவைக்கிறார்.

அந்தப் பறவை மட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது இன்னும் வியப்பானது. நாட் என்று ஒரு உள்ளான் வகை; அலகு மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். மட்டியை ஓட்டோடு விழுங்கி இரைப்பையில் நசுக்கும். இது அலகால் சேற்றில் குத்திக் குத்தித் தேடும் வேகத்தைப் பார்த்தால், தற்செயலாக அலகில் தட்டுப்படும் மட்டிகளை மட்டும் வைத்து அது பிழைக்க வழியே இல்லை. தியூனிஸ் பியர்ஸ்மாவும் குழுவினரும் வளர்ப்பு நாட் பறவைகளுக்குப் பயிற்சி கொடுத்து, மணல் வாளிக்குள் ஏதாவது புதைந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லவைத்தார்கள். ஈர மணலில் மட்டியை மட்டுமல்ல, வெறும் கல்லைக்கூட அவை கண்டுபிடித்தன. கல்லுக்கு வாசனை கிடையாது, அசைவும் கிடையாது. காய்ந்த மணலில் வைத்ததும் அதே பறவைகள் தடுமாறின. 1998இல் வெளியான அவர்களுடைய விளக்கம் இது: அலகு குத்தும்போது மணல் துகள்களுக்கு இடையில் உள்ள நீர் நெருக்கப்படுகிறது, அந்த அழுத்தம் பரவும் வழியில் கெட்டியான பொருள் ஒன்று இருந்தால் அழுத்தத்தின் வடிவம் மாறுகிறது, அலகு நுனியில் நெருக்கமாக இருக்கும் உணர்விகள் அந்த மாற்றத்தைப் படிக்கின்றன. தொடாமலேயே தொட்டுப் பார்ப்பது என்றுதான் சொல்ல வேண்டும்.

நீருக்கடியில் வேட்டையாடுபவர்களுக்கு வேறு புலன்கள். 1971இல் அட்ரியானஸ் கால்மைன் வெளியிட்ட சோதனையைவிட அழகாக இதைக் காட்டும் ஒன்றை நான் அறியேன். ஒரு தட்டை மீனை மணலுக்குள், அகார் என்ற கடற்பாசிக் கூழால் செய்த பெட்டியில் வைத்துப் புதைத்தார். அகார் வாசனையை அடைத்துவிடும், மின்புலத்தை விட்டுவிடும். பெட்டிக்குள் ஓடும் நீர் மட்டும் ஒரு குழாய் வழியே தள்ளிப் போய் வெளியேறும்படி வைத்தார். சின்ன சுறா குழாயின் வாய்க்குப் போகவில்லை. நேரே மீன் புதைந்திருந்த இடத்துக்கு வந்து மணலைக் குதறியது. உயிருள்ள மீனுக்குப் பதில் மீன் துண்டுகளை வைத்தபோது சுறா குழாய் வாய்க்குப் போய்த் தேடியது. உயிருள்ள மீன் இருந்த பெட்டியை மின்சாரம் கடக்காத மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடியதும் அதற்கு ஒன்றுமே தெரியவில்லை. கடைசியில் மீனே இல்லாமல் இரண்டு மின்முனைகளை மட்டும் புதைத்து மெல்லிய மின்சாரம் விட்டார். சுறா அதையும் தோண்டியது. உயிருள்ள உடம்பு மூச்சு விடுவதாலேயே கசியும் மின்னைத் திருக்கைகளும் சுறாக்களும் உணர்கின்றன. எவ்வளவு அசையாமல் கிடந்தாலும் மூச்சை நிறுத்த முடியாதே.

நண்டுக்கு வாசனைதான் வழி. மட்டி வெளியேற்றும் நீரில் அதன் வாசனை ஒரு இழையாகப் போகிறது. நீல நண்டு அந்த இழையைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிராக வந்து சேர்கிறது. நீர் கலங்கிச் சுழன்றால் இழை அறுந்துபோய் நண்டு வழி தவறும். மட்டிக்கும் இந்த மொழி புரியும். நண்டின் வாசனை வந்ததும் சில மட்டிகள் நீர் இழுப்பதையே நிறுத்திக்கொள்கின்றன. உயிர் தப்பும், ஆனால் அந்த நேரத்துச் சாப்பாடு போய்விடும்.

இதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் மேலிருந்து வருபவர்கள். ஆழம் கவசம் என்று சொன்னது அவர்களிடம் செல்லும். சேற்றுக்குள்ளேயே குடியிருந்து வேட்டையாடுபவர்களிடம் அது செல்லாது.

கிளைசெரா என்ற புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிறிய தோல் வழியே உள்ளே ஓடும் சிவப்புத் தெரியும். பார்க்கச் சாதுவாக இருக்கும். தொண்டையைப் புரட்டி வெளியே எறிந்தால் அதன் நுனியில் நான்கு தாடைகள், ஒவ்வொன்றோடும் ஒரு நச்சுப் பை. அந்தத் தாடைகளில் செம்பு இருக்கிறது. அட்டகமைட் என்ற செம்புக் கனிமமே உயிருள்ள தாடைக்குள் படிந்திருப்பதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. தாடை எளிதில் தேயாமல் இருப்பதற்கு அது உதவுகிறது. இதன் உறவினம் ஒன்று, கிளைசெரா ஆல்பா, சேற்றுக்குள் பல வாசல்கள் உள்ள வளை அமைத்து, வாசலுக்கு அருகில் தலையை வைத்துக் காத்திருக்கும். மேலே ஏதாவது நடந்துபோனால் வளைக்குள் நீரின் அழுத்தம் மிக லேசாக மாறும். அது போதும்.

ரிப்பன் புழுக்களின் முறை இன்னும் பயங்கரம். செரிபிராட்டுலஸ் என்ற இனம் ஒரு மீட்டருக்கும் மேலே நீளும், நாடா போலத் தட்டையாக வளைந்து எந்த இடுக்கிலும் நுழையும். சவரக்கத்தி மட்டியைக் கீழிருந்து வந்து பிடிக்கும். நண்டுக்கும் பறவைக்கும் பயந்து ஆழத்துக்குப் போன மட்டி, அங்கே கீழ்ப்பக்கம் திறந்த ஓட்டோடு இதனிடம் மாட்டிக்கொள்கிறது. தப்ப ஒரே வழி, பத்திரம் என்று நம்பிய வளையை விட்டு மேலே பாய்ந்து வெளியேறுவது. அங்கே வேறு யாரோ காத்திருக்கலாம்.

நிலா நத்தை அவசரமே படாது. பெரிய பாதத்தால் மணலை உழுதுகொண்டே போய், மட்டியைக் கண்டதும் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் துளையிடத் தொடங்கும். ஒரு சுரப்பி ஓட்டின் சுண்ணாம்பைக் கரைத்து இளக்கும். பற்கள் பதித்த நாக்கு அதைச் சுரண்டி எடுக்கும். மறுபடி சுரப்பி, மறுபடி நாக்கு. மணிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான் முன்னேறும். ஓடு ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் இரண்டு நாள் வேலை. அத்தனை நேரமும் மட்டி உயிரோடு, மூடிய ஓட்டுக்குள், அந்தப் பிடியில் இருக்கிறது. கடைசியில் கிடைப்பது, வெளிப்பக்கம் அகன்று உட்பக்கம் குறுகும், தச்சர் துளைத்தது போன்ற ஒரு வட்டம். அதன் வழியே மூக்கை நுழைத்து உள்ளே தின்றுவிடும்.

சரி, இந்த வேட்டையெல்லாம் சேர்ந்து அங்கே வாழும் கூட்டத்தை எப்படி மாற்றுகிறது? இதைக் கேட்கத் தூண்டியது பாறைக் கரையில் நடந்த ஒரு சோதனை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ராபர்ட் பெயின் ஒரு பாறைப் பகுதியிலிருந்து பிசாஸ்டர் என்ற கடல் நட்சத்திரத்தை விடாமல் அகற்றிக்கொண்டே வந்தார். பாறையில் ஒட்டி வாழும் சிப்பிகள் பெருகி மற்றவற்றை நெருக்கித் தள்ளின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. 1966இல் அது வெளியானதும், வேட்டையாடும் விலங்குதான் பன்மையைக் காக்கிறது என்ற கருத்து வேரூன்றியது.

சேற்றில் அதையே செய்து பார்த்தார்கள். கடல் நட்சத்திரத்தைப் போல ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க முடியாதே. அதனால் சேற்றின் மேல் வலைக் கூண்டு கவிழ்த்து நண்டையும் மீனையும் வெளியே நிறுத்தினார்கள். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ராபர்ட் விர்ன்ஸ்டைன், வட ஜெர்மனியின் சேற்றுத் திட்டுகளில் கார்ஸ்டன் ரைஸ். இருவரும் 1977இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கூண்டுக்குள் புழுவும் மட்டியும் மளமளவென்று பெருகின. வெளியே அவை குறைவாக இருந்தது வேட்டையால்தான் என்பது தெளிவாயிற்று. ஆனால் பாறையில் நடந்தது இங்கே நடக்கவில்லை. எந்த ஓர் இனமும் மற்றவற்றை விரட்டிவிட்டு மொத்த இடத்தையும் பிடிக்கவில்லை. இனங்களின் எண்ணிக்கையும் கூடத்தான் செய்தது. 1979இல் சார்லஸ் பீட்டர்சன் இப்படிப்பட்ட பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே படம்தான்.

ஏன் என்பதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. பாறையில் இடம் என்பது ஒரு பரப்பு. ஒரு சிப்பி ஒட்டிக்கொண்டால் இன்னொன்றுக்கு அந்த இடம் இல்லை. சேற்றில் மேலும் கீழுமாக அடுக்கிக்கொள்ளலாம். பக்கத்து மட்டியை நெம்பித் தள்ளவோ மூடி வளரவோ பிடிமானமும் இல்லை. இரண்டாவது காரணம், கூண்டு மேலிருந்து வருபவரை மட்டும்தான் நிறுத்துகிறது. உள்ளே இருக்கும் புழு உள்ளேயேதான் இருக்கிறது. வில்லியம் ஆம்ப்ரோஸும் ஜான் கொமிட்டோவும் 1980களில் வலியுறுத்தியது இதைத்தான். அமெரிக்காவின் மெயின் மாநிலச் சேற்றில் கிளைசெரா நெரெய்ஸைத் தின்கிறது. நெரெய்ஸ் கொரோஃபியம் என்ற ஆம்பிபாடைத் தின்கிறது. கிளைசெராவைக் குறைத்தால் நெரெய்ஸ் கூடி, கொரோஃபியம் குறையும். அதாவது மேலே நாம் ஒன்றாகச் சேர்த்து “இரை” என்று சொல்லும் கூட்டத்துக்குள்ளேயே இரண்டு மூன்று மாடி இருக்கிறது. மேல்மாடியில் இருப்பவரை அகற்றினால் கீழே யார் பிழைப்பார் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

கூண்டுச் சோதனையில் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். வலை நீரோட்டத்தைத் தணிக்கிறது. ஓட்டம் தணிந்தால் மெல்லிய வண்டலும் அதோடு மிதக்கும் குஞ்சுகளும் அங்கே படிகின்றன. பெருகியது வேட்டை நின்றதாலா, வண்டல் படிந்ததாலா? அதனால்தான் நண்டு புகுந்து வரும்படி பக்கங்களைத் திறந்துவிட்ட கூண்டுகளையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதுவும் முழுத் தீர்வு இல்லை, ஏனென்றால் அரைக் கூண்டைக் கண்டால் நண்டுக்கும் மீனுக்கும் அது ஒரு நிழலான ஒதுங்கிடம். வேட்டையாடியவற்றின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தாலும் முழு விடை வராது; ஓடும் தாடையும் முள்மயிரும் மிஞ்சும், மெல்லிய சதை தடமே இல்லாமல் செரித்துவிடும்.

மண்ணின் தன்மையும் கணக்கை மாற்றுகிறது. ரோமால்ட் லிப்சியஸும் ஆன்சன் ஹைன்ஸும் 1986இல் காட்டியதன்படி, மணலில் புதைந்த மட்டிகள் மிகவும் குறைந்துபோனால் நீல நண்டு அவற்றைத் தேடுவதைக் கைவிடுகிறது. தோண்டும் உழைப்பு கட்டுப்படியாகவில்லை. மிச்சமிருப்பவை தப்புகின்றன. இளகிய சேற்றில் அந்தச் சலுகை இல்லை. கடைசி மட்டி வரை நண்டு தேடிப் பிடிக்கும். ஒரே நண்டு, ஒரே மட்டி, மாறியது மண் மட்டும்தான்.

தின்னப்படுவது மட்டுமே வேட்டையின் விளைவும் அல்ல. நெரெய்ஸ் இருக்கும் சேற்றிலிருந்து கொரோஃபியம் வளையை விட்டு நீந்தி வெளியேறுகிறது. அங்கே எண்ணிக்கை குறைவதற்கு ஓடிப்போனவையும் காரணம். ஒட்டுண்ணிகள் இதற்குள் நுழைந்து விளையாடும் இடமும் உண்டு. நியூசிலாந்தின் ஆஸ்ட்ரோவீனஸ் மட்டியின் பாதத்தில் ஒரு தட்டைப்புழுவின் இளநிலைகள் குவிந்து தங்குகின்றன. பாதம் குன்றிப்போய் மட்டியால் புதைய முடியாது; மேலேயே கிடக்கும். சிப்பிபிடிப்பான் பறவை அதைத் தின்றால் ஒட்டுண்ணி தனக்கு வேண்டிய அடுத்த உடம்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆழத்தைப் பறித்துவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும்.

பெரிய விலங்குகள் மண்ணோடு சேர்த்தே எடுத்துவிடுகின்றன. பேரிங் கடலின் வடபகுதியில் சாம்பல் திமிங்கலம் ஒருக்களித்துப் படுத்து, ஆம்பிபாடுகள் குழாய் கட்டி வாழும் மண்ணை வாயால் உறிஞ்சி, பள்ளம் பள்ளமாக விட்டுச் செல்கிறது. வால்ரஸ் நீரைப் பீச்சி மண்ணைக் கலைத்து, மட்டியின் சதையை உறிஞ்சிவிட்டு ஓட்டைப் போட்டுவிடும். ஆழ்கடலிலும் இப்படி மேய்வதுதான் இனங்களின் பன்மைக்குக் காரணம் என்று 1972இல் பால் டேய்டனும் ராபர்ட் ஹெஸ்லரும் வாதிட்டார்கள். மெதுவாக வளர்ந்து குறைவாகக் குஞ்சு பொரிக்கும் ஆழ்கடல் உயிர்கள் அவ்வளவு வேட்டையைத் தாங்காது என்று மறு ஆண்டே மறுப்பு வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. சுமார் 50 கோடி ஆண்டுக்கு முந்திய கனடாவின் பர்ஜஸ் ஷேல் பாறைகளில் ஒட்டோயா என்ற புழு குடலில் இரையோடு கல்லாகிக் கிடக்கிறது. கூம்பு ஓட்டுக்குள் வாழ்ந்த ஹையோலித்துகளை அது முழுதாக விழுங்கியிருந்தது. மட்டிகள் நீண்ட குழல் பெற்று ஆழத்துக்கு இறங்கியது வெகு காலம் கழித்து, பெரும்பாலும் கடந்த 25 கோடி ஆண்டுகளுக்குள். அதே காலத்தில் ஓடு உடைக்கும் நண்டுகளும் மீன்களும் துளையிடும் நத்தைகளும் பெருகின. 1977இல் இந்த மாற்றத்தை, டைனோசர்கள் வாழ்ந்த மீசோசோயிக் காலத்தின் பெயரால், மீசோசோயிக் கடற்புரட்சி என்று விளக்கியவர் கீரட் வெர்மே. மூன்று வயதிலிருந்தே பார்வையில்லாதவர். கிளிஞ்சல்களை விரலால் தடவித்தான் படிக்கிறார், உடைந்து ஒட்டிய தழும்பு உட்பட.

தழும்பு என்றால் நிலா நத்தையின் துளையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரை ஒதுங்கிய மட்டி ஓட்டில் முழு வட்டமாகத் துளை இருந்தால் அந்த மட்டி எப்படிச் செத்தது என்று தெரியும். சில ஓடுகளில் துளை பாதியில் நின்றிருக்கும். வெளியே ஒரு சின்னக் கிண்ணம் போலக் குழிந்து, உட்பக்கம் வழவழப்பாகவே இருக்கும். நத்தைக்கு ஏதோ தடங்கல் வந்திருக்கலாம். மட்டி எப்படியோ பிடியிலிருந்து நழுவியிருக்கலாம். விரல் நகத்தை வைத்தால் அந்தக் குழி நன்றாகத் தட்டுப்படும்.